முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்!

தாம்பரத்திற்குக் கிழக்கே, சேலையூரை அடுத்த ஒரு தெருவில், வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை மாருதி 800 மூன்றாண்டுக் காலம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சக்கரங்களில் காற்றில்லை. கண்ணாடியில் படிந்த தூசியில் தெருப் பிள்ளைகள் தங்கள் பெயர்களை எழுதிவைத்திருந்தார்கள். வண்டிக்கடியில் ஒரு பூனை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தியது. வண்டிக்கு உரியவர் 2019இல் காலமாகிவிட்டார். வெளியூரில் பணிபுரியும் அவருடைய மகன் அதனைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடத் தீர்மானித்திருந்தார். அந்தக் கடைக்காரர் பேசியிருந்த விலைக்குச் சற்று மேலாக, ரூ. 25,000 கொடுத்து 2022இல் நாங்கள் அதனை வாங்கினோம்.

வாங்கியதற்குக் காரணம் ஆடம்பரம் அன்று. வீட்டில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், முழங்கால் தேய்ந்த அம்மா ஒருவர். ஒரே ஸ்கூட்டரில் நால்வர் ஏறிப் பள்ளிக்கும் ஆலயத்திற்கும் போய்வந்த காலம் அது. இரு சக்கர வண்டியில் இருவருக்கு மேல் செல்வது சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மழை நாள்களில் பிள்ளைகளின் புத்தகங்களும் நனையும், எங்கள் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். மாதந்தோறும் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகையோ மளிகைச் செலவோடு போட்டியிட்டது. புதிய கார் வாங்கினால் ஐந்தாண்டுக் கடன், ஏழாண்டுக் கவலை. ஆகவேதான் அந்த வேப்பமரத்தடி எங்கள் கண்ணில் பட்டது.

"யானை வாங்கக் காசு இருந்தது, அங்குசம் வாங்க இருக்கிறதா?" என்று அண்டை வீட்டார் கேட்டார். கேலியாக எடுத்துக்கொண்டோம். அது கேலியன்று, அறிவுரை என்பது சில வாரங்களில் விளங்கியது.

நாங்கள் செய்த தவறு

இரும்புலியூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துச் சென்றோம். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்தார். பிறகு, "பிரேக்கு முழுசா பிரிச்சுப் பார்க்கணும் சார், டயரு நாலும் போச்சு" என்றார். எஞ்சின் ஓடுமா என்பதை அறியவே எங்களுக்கு ஆவல். பாட்டரியை மாற்றி, பெட்ரோல் தொட்டியையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்து, அவர் எஞ்சினை எழுப்பிவிட்டார். அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் இருமி, புகை கக்கி, பிறகு சீராக ஓடியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அத்தோடு எங்கள் அறிவு மயங்கிவிட்டது. "பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வண்டியை எடுத்து வந்தோம். கையிலிருந்த ரூ. 18,000 முழுவதையும் வண்ணம் பூசுவதற்கும் இருக்கைகளுக்கு உறை தைப்பதற்கும் செலவிட்டோம். துருப்பிடித்த வண்டியில் ஆலயத்திற்குச் சென்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதே எங்கள் கவலையாக இருந்தது. வண்டி பளபளத்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதனைச் சுற்றி நின்று பாராட்டியவர்கள் பலர். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நாங்களே அதை மறந்துபோனோம்.

இரண்டாவது ஞாயிறு, வேளச்சேரிச் சாலை வழியே வந்துகொண்டிருந்தோம். முன்னால் சென்ற தண்ணீர் லாரி திடீரென நின்றது. பிரேக்கை மிதித்தோம். பெடல் அடிவரை இறங்கியது. வேகம் சிறிது குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கியரைக் கீழிறக்கி, கைப்பிரேக்கை முழு வலுவோடு இழுத்தபோது, லாரிக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. முன் இருக்கையில் அம்மா. பின்னால் பிள்ளைகள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா மெல்லிய குரலில் கேட்டார்கள்: "ஏம்ப்பா, வண்டிக்கு வெள்ளையடிக்கக் காசு இருந்துச்சு, பிரேக்குக்கு இல்லையா?"

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

நின்ற வண்டி ஏன் கெடுகிறது?

ஓடாத வண்டி தேயாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், ஓடும் வண்டி தேய்கிறது, நிற்கும் வண்டி மக்குகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் உள்ளிருக்கும் உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும், ரப்பர் வளையங்கள் விறைத்து வெடிக்கும். எங்கள் வண்டியில் நடந்தது இதுவே. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் உயிரிழந்திருந்தன, பின் சக்கரச் சிலிண்டர்கள் கசிந்துகொண்டிருந்தன. ஒரு வழி பழுதானாலும் மற்றொரு வழி காப்பாற்றும்படி பிரேக்குக்கு இரண்டு வழிகள் வைத்துத்தான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். எங்களுடையதில் இரண்டுமே சீர்கெட்டிருந்தன.

பெட்ரோலும் அப்படியே. நெடுநாள் தேங்கினால் பிசின்போல் இறுகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். டயரில் கோடுகள் தெளிவாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து பக்கவாட்டில் வெடிப்புகள் தோன்றும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அந்த எண்ணைப் பார்க்காமல் கோடுகளை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். எலிகள் கம்பிகளைக் கடித்திருக்கும். எஞ்சினின் மேற்பகுதியை இயக்கும் டைமிங் பெல்ட்டோ, ஓடிய தொலைவைப் போலவே வயதாலும் பழுதாகும்.

மறுநாள் காலை வெட்கத்தோடு பட்டறைக்குச் சென்றோம். நடந்ததைக் கேட்ட மெக்கானிக் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி முதல்ல நிக்கக் கத்துக்கணும் சார். ஓடுறது அப்புறம்" என்றார். அன்றுமுதல் இதுவே எங்கள் வீட்டில் வழங்கும் பழமொழி ஆயிற்று.

நம் பக்கத்தில் பிறந்த வண்டி

அந்த மெக்கானிக் சிறுவனாகத் தொழில் பழகியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களில். தாம்பரத்து வாசகர்களுள் முதியோர்க்கு அப்பெயர் நன்கு நினைவிருக்கும். ஏனெனில் அது நம் பக்கத்திலேயே பிறந்தது. ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இந்தியாவில் அக்காலத்தில் மூன்று கார்களே பெரிதும் பேசப்பட்டன: கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து பியட், நம் சென்னையிலிருந்து ஹெரால்டு.

1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஹெரால்டு, 1961 முதல் இங்கே செய்யப்பட்டது. அதற்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. தனிச் சட்டத்தின்மேல் உடற்பகுதிகளைத் துண்டு துண்டாக முடுக்கிச் சேர்த்த அமைப்பு அது. முன்பக்க மூடியும் மட்கார்டுகளும் ஒன்றாகவே முன்னோக்கிச் சாயும். திறந்துவிட்டால் எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுவதுமாக வெளிப்படும். மெக்கானிக் முன் டயரின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். இருபத்தைந்து அடி வட்டத்திற்குள் வண்டி திரும்பிவிடும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1972இல் அதன் வழித்தோன்றலாகக் கெஸல் வந்தது.

அத்தொழிற்சாலையின் முடிவிலும் நமக்கொரு பாடம் உண்டு. 1985இல் அந்நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டது. ரோவர் என்னும் ஆங்கிலக் காரின் அழகிய உடல், ஆனால் உள்ளே பழைய வான்கார்டு காலத்து எஞ்சின். விலை மிகுதி, பெட்ரோல் குடிப்பதும் மிகுதி. மக்கள் வாங்கவில்லை. 1988இல் கார் உற்பத்தி நின்றது. இன்று அவ்விடத்தில் கணினி நிறுவன வளாகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன. வெளியே புதுமை, உள்ளே பழைமை என்ற தவற்றை ஒரு பெரிய தொழிற்சாலை செய்தது. நாங்களோ எங்கள் சிறிய அளவில் அதையே செய்தோம்.

எனினும் ஹெரால்டு முற்றும் மறைந்துவிடவில்லை. அதனைப் போற்றி ஓட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த தொழிற்சாலையைக் கடந்தும் அந்த வண்டி வாழ்கிறதென்றால், அதற்குக் காரணம் பிரித்துப் பூட்டத்தக்க எளிய அமைப்பும், அதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுமே. அந்தக் கைகள்தாம் இன்று எங்கள் மாருதியைக் காப்பாற்றுகின்றன. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி முடிவுற்றது. முப்பதாண்டுகள் செய்யப்பட்ட வண்டியாதலால் அதற்கு உதிரி பாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. கடையில் கிடைக்காத கதவுப் பிடியும் கண்ணாடித் திருகும் புதுப்பேட்டையிலோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கிடைத்துவிடும். ஆனால் பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றுக்கான பாகங்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

எங்கள் கதையைக் கேட்டுப் பழைய வண்டி தேடப் புறப்படுவோர் இருப்பார்கள். அவர்களுக்காகச் சில சொற்கள்.

முதலாவது, ஆவணம். காரின் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் படிவம் 25 வழியாகப் புதுப்பிக்க வேண்டும். உரியவர் இறந்திருந்தால், முதலில் படிவம் 31 வழியாக வாரிசின் பெயருக்கு மாற்றி, பின்னர் 29, 30 ஆகிய படிவங்களால் வாங்குவோர் பெயருக்கு மாற்ற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ. 600இலிருந்து ரூ. 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்த காருக்கு ரூ. 10,000 என்று உயர்த்தப்பட்டது. மாநிலத்தின் பசுமை வரியும், தாமதமானால் அபராதமும் தனி. விலை பேசுமுன் தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ரூ. 25,000 வண்டிக்கு ரூ. 10,000 கட்டணம் என்றால் கணக்கே மாறிவிடும் அல்லவா?

ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்துள்ளது. அவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டலாகாது. தாத்தாவின் ஹெரால்டைத் தினமும் ஓட்ட விரும்புவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வெள்ளம். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழையை நம்மால் மறக்க முடியுமா? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கார்கள் கூரைவரை மூழ்கின. 2023 டிசம்பர்ப் புயலிலும் நம் புறநகர்ப் பகுதிகள் நீரில் நின்றன. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கையைப் பிணைக்கும் திருகாணிகளில் துருவும், மூலைகளில் வண்டலும், உள்ளே பூஞ்சை நாற்றமும் இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது, துரு. நம் பகுதிக்குக் கடல் தொலைவில் இல்லை. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். கதவில் துரு இருந்தால் குறை அழகுக்கு மட்டுமே. தரையிலும், முன் சக்கரங்களைத் தாங்கும் மேடைகளிலும் துரு துளைத்திருந்தால் அந்த வண்டி வீட்டுக்கு வரத் தகுதியற்றது. சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ஒலிக்கும், அரித்த இரும்பு பொதுபொதுக்கும்.

ஒத்திப் போடலாமா?

ஏழைக் குடும்பத்தின் செலவெல்லாம் ஒத்திப் போடும் கலைதான். ஆனால் எதனை ஒத்திப் போடுவது என்பதிலேதான் அறிவு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இப்போது இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்றில் பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்குகள், துடைப்பான், பெட்ரோல் குழாய், இருக்கை வார். இவற்றில் பழுது கண்டால் அன்றே வண்டி நிற்கும், பணம் சேரும்வரை பேருந்தில் செல்வோம். மற்றொன்றில் வண்ணம், இருக்கை உறை, வானொலிப் பெட்டி, நசுங்கிய பம்பர். இவை அடுத்த ஆண்டுக்கும், அதற்கடுத்த ஆண்டுக்கும் காத்திருக்கலாம்.

பெட்ரோல் குழாய் என்றதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். இப்போது நாடு முழுவதும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதனைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை மென்மையாகி வெடித்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் ஒழுகும். புதிய குழாய்க்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அதேபோல், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முற்பட்ட ஹெரால்டு, பியட் போன்றவற்றை ஓட்டுவோர் எஞ்சினைப் பிரிக்கும்போது வால்வு அமரும் இடங்களுக்குக் கெட்டியான வளையம் போட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேட்டறிய வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு சொல். எஞ்சின் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் என்னும் பாகத்தைக் கழற்றி எறிவது சிலருடைய வழக்கம். நோய் இருக்கும் இடம் ரேடியேட்டராக இருக்க, வேறோர் உறுப்பை அறுத்தெறிவது போன்றது அது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றினால் பெரும்பாலும் குறை தீரும்.

பிள்ளைகளை ஏற்றலாமா?

இதனைக் கேட்காமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. எங்கள் மாருதியில் காற்றுப் பை கிடையாது. அதன் எடை ஏறக்குறைய 650 கிலோதான். பெரிய வண்டி மோதினால் அது தாங்காது என்பது எங்களுக்குத் தெரியும். லாரிக்குப் பின்னால் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பல இரவுகள் இதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசினோம். விற்றுவிடலாமா என்றும் யோசித்தோம்.

முடிவில் இவ்வாறு தீர்மானித்தோம். நால்வர் ஏறிய ஸ்கூட்டரைவிட இது மேல், நல்ல பேருந்தைவிட இது மேலன்று. ஆகவே தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்ற வட்டத்தைத் தாண்டுவதில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் செல்வதில்லை. திண்டிவனம் சாலைப் பக்கம் இரவில் எட்டிப்பார்ப்பதில்லை. வேளாங்கண்ணிக்கு இரயிலும் பேருந்தும் இருக்கின்றன. வண்டியின் எல்லை எதுவென்று அறிந்து, அதற்குள் அதனை ஓட்டுவதே அதற்கு நாங்கள் காட்டும் மரியாதை. எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டும் அன்பும் அதுவே.

மூன்றாண்டுக் கணக்கு

இப்போது மூன்றாண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் காலையில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், மாதம் ஒருமுறை அம்மா மருத்துவமனைக்குச் செல்வதும் அந்த வண்டியில்தான். வாங்கிய விலையைப்போல் இருமடங்குக்கு மேல் செலவாகிவிட்டது. அதனை ஒளிக்க வேண்டியதில்லை. மலிவான வண்டி என்று ஒன்று இல்லை. விலையை ஒரே நாளில் கேட்கும் வண்டியும், ஆண்டுதோறும் கேட்கும் வண்டியுமே உண்டு. ஆனால் எங்களுடையதற்குக் கடன் இல்லை, வட்டி இல்லை. கையில் இருக்கும்போது கொடுக்கிறோம், இல்லாதபோது வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

பிள்ளைகள் கற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். பெரியவன் ஞாயிறுதோறும் டயரில் காற்று அளக்கிறான். சிறியவள் கிளம்புமுன் வண்டிக்கடியில் குனிந்து தரையில் எண்ணெய்த் துளி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். பழுதானதை எறிந்துவிடாமல் பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு மிதிவண்டியிலும் மின்விசிறியிலும்கூட வந்திருக்கிறது.

ரூ. 18,000 கொடுத்துப் பூசிய வண்ணம் வெயிலில் மங்கிவிட்டது. ஒரு பக்கம் உரிந்தும்விட்டது. மறுபடி பூசலாமா என்று சென்ற மாதம் பேச்செடுத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அதனை எழுதிவைத்துவிட்டு, பின் பிரேக்குக்குப் புதிய ஷூ வாங்கி வந்தோம்.